சாரை ‘டா’ போட்ட ராணி

அந்தப் படத்தில் நான் ராணி. மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளும் வயதில் எனக்கு வாய்த்த ராணி வேடம். முகம் இல்லை, குரல் மட்டும். வாளும் மந்திரமுமாகப் போகும் ஒரு வெளிநாட்டு அனிமேஷன் படத்துக்குத் தமிழில் டப்பிங் பேசும் வேலை. கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் அவ்வளவுதான். தலைகள் உருளும். ரத்தம் பனியில் கொட்டி ஆவி பறக்கும். சூனியக்காரிகள் உடுப்பு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே கிடையாது. என் ராணியின் உடம்பில் இருந்ததும் நாலு தோல் வார்தான். அதோடு அவள் பனிமலை உச்சியில் நின்று சபதம் போடுவாள். டெல்லி ஜனவரியில் பால்கனிக்குப் போய் இரண்டு துணி எடுத்து வந்தாலே எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

கிண்டல் செய்தாலும் அந்த வேலை எனக்கு மிகவும் தேவைப்பட்டது. அதற்கு முன்னால் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு ஜூலையில் எனக்கு மறுபடி வேலைக்கான ஆணை வரவில்லை. ஜனக்புரி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். வயதான மனிதரின் பென்ஷனில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படம் நன்றாக அமைந்தால் அடுத்து வரப்போகிற நெடுந்தொடரிலும் எனக்கே வேலை என்று ஸ்டூடியோவில் சொல்லியிருந்தார்கள். சொதப்பினால் சென்னையில் ஆள் தயாராக இருப்பதையும் சொல்லியிருந்தார்கள்.

என்னை அங்கே சிபாரிசு செய்தது சார்.

சார் என்றால் அப்பாவின் சார். அப்பா அமைச்சக அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்தபோது அவருக்கு மேலே இருந்தவர். அப்பா தட்டுத் தடுமாறி ஒரு படி ஏறினால் அவர் அதற்குள் இரண்டு படி ஏறியிருப்பார். கடைசி வரை மேலேயே இருந்தார். நல்ல கணீர்க் குரல். டெல்லியில் தமிழ் நாடகம் போட்டால் ராஜா வேடம் அவருக்குத்தான். அலுவலகத்திலும் மேடையிலும் ஒரே நடிப்புதான் என்று அம்மா சொல்வாள், அப்பா காதில் விழாமல். இந்தப் படத்தின் கிழட்டு மந்திரவாதிக்கு ஸ்டூடியோக்காரர்கள் சாரைப் பிடித்தார்கள். ராணிக்குத் தமிழ் ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றபோது சார் என் பெயரைச் சொன்னார்.

நான் வளர்ந்தது மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அங்கே வீட்டைப் பார்த்தாலே அப்பா என்ன பதவி என்று தெரிந்துவிடும். எந்த டைப் வீடு, எத்தனை அறை, முன்னால் தோட்டம் உண்டா இல்லையா, எல்லாம் பதவிப்படி. அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட யார் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பது தெரியும். சார் வீடு பூங்காவுக்கு அந்தப்பக்கம், தோட்டத்தோடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அப்பா என்னைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி அங்கே அழைத்துப்போவார். அம்மா சுட்ட முறுக்கு ஒரு தூக்குவாளியில் வரும். சார் பிரம்பு நாற்காலியில் இருப்பார். அப்பா நிற்பார். “உக்காருய்யா” என்பார் சார். “இருக்கட்டும் சார்” என்பார் அப்பா. அந்த வீட்டு அம்மா கொண்டுவரும் காபியையும் நின்றபடியே குடிப்பார். ஒரு தடவை வரும் வழியில் கேட்டேன், நீங்க ஏம்ப்பா அங்க உட்காரவே மாட்டேங்கிறீங்க என்று.

“கால் வலிச்சா உக்காருவேன்ட்டி” என்றார்.

அப்பாவைப் பற்றி நான் வெட்கப்பட ஆரம்பித்தது அப்போதுதான். சார் வீட்டில் பியூஸ் போனால் அப்பா போவார். சாரின் மாமியார் ஊரிலிருந்து வந்தால் ஸ்டேஷனுக்கு அப்பா போவார். அலுவலகத்தில் அதற்கெல்லாம் பியூன் இருந்தான். அப்பாதான் அவனை விடமாட்டார். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முடியாமல் போனபோது பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது சார் பேசிய ஒரு போனால்தான். அம்மாவோடு மேலும் சில வருடங்கள் நாங்கள் இருந்ததற்கு அந்தப் போனும் ஒரு காரணம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

இப்போது சார் துவாரகாவில், மகன் வீட்டில். அப்பா பண்டிகை தவறாமல் போன் போட்டு வாழ்த்துச் சொல்வார். இரண்டு பேரும் ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் டெல்லித் தமிழர்களிடம் இது ஒரு விசேஷம், அலுவலகம் போய்விடும், சீனியாரிட்டி போகாது. கோவில் பிரசாத வரிசையில்கூடச் செக்‌ஷன் ஆபீஸருக்குப் பின்னால்தான் அசிஸ்டெண்ட் நிற்பார்.

டப்பிங்கில் பொதுவாக ஒவ்வொருவராகத்தான் பேசுவோம். கண்ணாடி அறைக்குள் நான், மைக், காதில் ஹெட்ஃபோன், எதிரே திரை. வாளை வீசும்போது ‘ஹா’, வெட்டுப்படும்போது ‘ஹக்’, மலையேறும்போது இழுத்து இழுத்து மூச்சு. மூன்று நாள் ‘ஹா’வும் ‘ஹக்’கும் போட்டால் வீட்டில் குக்கர் மூடியைத் திறக்கும்போதும் அதுவே வரும். டைரக்டர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. வசனத்தை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்வாள். காது மட்டும் பாம்புக் காது. ஓர் எழுத்து பொய்யாக ஒலித்தால் பிடித்துவிடுவாள்.

ராணியும் மந்திரவாதியும் மோதும் பெரிய காட்சிக்கு மட்டும் அவள் என்னையும் சாரையும் சேர்த்து மைக் முன் நிறுத்தினாள். சண்டைப் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தனித்தனியாகப் பேசினால் சூடு வராது என்றாள்.

காட்சி இதுதான். மந்திரவாதியின் சபையில் அவன் ஒருவன்தான் உட்காரலாம். மற்றவர்கள் நிற்க வேண்டும். நிற்க நிற்கப் பாதத்திலிருந்து கல்லாகிக்கொண்டே வருவார்கள். ராணியின் ஜனங்கள் பாதிப்பேர் அங்கே சிலையாக நிற்கிறார்கள். அவள் வாளோடு உள்ளே வந்து சிம்மாசனத்துக்கு எதிரே நின்று சொல்கிறாள்: “எழுந்திருடா, நாயே. உன் முன்னால் நின்று நின்று எங்கள் ஜனங்கள் கல்லானது போதும்.”

முதல் தடவை மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னேன். “எழுந்திருங்க” என்று வந்தது.

டைரக்டர் சிரித்தாள். சாரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இரண்டாவது தடவை ‘டா’ வந்தது, ஆனால் தொண்டைக்குள்ளேயே. அடுத்ததில் ‘நாயே’ நாய்க்குட்டியைக் கொஞ்சுவதுபோல் இருந்தது. பக்கத்தில் அரைக்கை ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகச் சார் நிற்கிறார். பாக்கெட்டில் மாத்திரை டப்பா கிலுகிலுக்கிறது. அவரை எப்படி ‘டா’ போடுவது?

“ஆன்ட்டி, நீங்க அவரைக் கொல்ல வந்திருக்கீங்க. வீட்டுக்கு டீ குடிக்க வரல” என்றது ஹெட்ஃபோன்.

இன்னும் சில தடவை. பிறகு அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்தாள். குரல் மரியாதையாக இருந்தது, அதனால்தான் பயம் வந்தது.

“ஆன்ட்டி, சாயங்காலம் வரைக்கும்தான் நமக்கு ரூம். ஜல்தி முடிக்கணும். இந்தச் சீன்தான் படமே. இது வரலைன்னா வேற வாய்ஸ் எடுக்கணும். ஒரு சீனுக்கு மட்டும் வேற வாய்ஸ் போட முடியாது, உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அப்படியானால் ‘ஹா’வும் ‘ஹக்’கும் எல்லாமே குப்பைக்கு. அந்த நெடுந்தொடரும் போனது. மறுபடி அப்பாவின் பென்ஷன்.

சார் எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “தப்பா எடுத்துக்காதேம்மா அவளை” என்று டைரக்டரிடம் ஆரம்பித்தார். “வளர்ப்பு அப்படி. இவ அப்பா என்கிட்டதான் இருந்தான். தங்கமான மனுஷன். ஒரு நாள், ஒரு நாள் எதிர்த்துப் பேசினது கிடையாது. நில்லுன்னா நிப்பான். உக்காருன்னாலும் நிப்பான்.” சொல்லிவிட்டுப் பாசத்தோடு சிரித்தார். அந்தப் பெண்ணும், பெரியவர் சிரிக்கிறாரே என்று, சிரித்தாள்.

இருந்தான். நிப்பான். எண்பதைத் தொட்ட என் அப்பா.

“ஒன் மோர்” என்றேன்.

திரையில் ராணி கதவை உதைத்துக்கொண்டு வந்தாள். நான் வசனத்தாளைப் பார்க்கவில்லை. “எழுந்திருடா நாயே” என்று கேட்ட குரல் எனக்கே புதிது. வயிற்றிலிருந்து வந்தது. அந்த இடத்தில் ராணி நமக்கு முதுகைக் காட்டித் திரும்புவாள். முதுகு தெரியும்போது உதட்டசைவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, எதை வேண்டுமானாலும் உள்ளே நுழைக்கலாம். இது டப்பிங்கில் எல்லாருக்கும் தெரிந்த சௌகரியம். அந்த இடைவெளியில், யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தைகளை நான் சொன்னேன். “என் அப்பனை நிற்க வைத்தாயேடா. ஆயுசு முழுக்க நிற்க வைத்தாயேடா.”

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டைரக்டர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். வார்த்தை மாறியதை அவள் கவனித்தாளோ என்னவோ, அவளுக்குச் சூடு வேண்டும், வந்துவிட்டது. “பெர்ஃபெக்ட் ஆன்ட்டி, இதான் கேட்டேன். இதையே வெச்சுக்கறேன்.”

சாரின் முறை. ராணி அப்படிக் கத்தியதும் மந்திரவாதி ஏளனமாகச் சிரிக்க வேண்டும். மேடையில் எத்தனையோ ராஜாக்களாகச் சிரித்த மனிதர். சிரிப்பு வரவில்லை. இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். சட்டையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டார். மறுபடி முயன்றார். நான் மைக்கின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மாதிரிச் சிரித்து முடித்தார். படத்தில் அது நன்றாகவே இருக்கிறது, பயந்துபோனவன் சிரிப்பதுபோல்.

கீழே வண்டிக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் சேர்ந்திருக்கும்.

“நீ நன்னாப் பண்ணினேம்மா” என்றார். பிறகு, “அப்பா எப்படி இருக்கார்?” என்றார்.

இருக்கார் என்றார். அப்பாவைப் பற்றி, நான் பிறந்ததிலிருந்து அவர் வாயில் கேட்காத ஒரு ‘ஆர்’. அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, நல்லா இருக்காங்க சார் என்றேன். ஒரு கிழவரை, எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரை, கூலிக்குப் பேச வந்த இடத்தில் திருப்பி அடிக்க முடியாதபடி நிறுத்தி வைத்து அடித்துவிட்டேன். ராணியாவது நேரில் வாளோடு போனாள். நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினேன்.

தொடரில் வேலை கிடைத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளும் சாரும் ஒரே படத்தில். காய்கறிக்காரப் பையாவிலிருந்து மாடி வீட்டு பஞ்சாபி வரை எல்லாருக்கும் சொல்லிவிட்டார். தினமும் கேட்பார், “படம் வந்துட்டாட்டி?”

ஓடிடியில் வந்து பல நாளான பிறகும் நான் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பார்க்கக் கூடாது. அந்த ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அது வயசு வந்தவங்க படம்ப்பா, ரத்தமும் அசிங்கமுமா இருக்கும் என்றேன்.

“எனக்கு இன்னுமா வயசு வரல?” என்றார்.

பொங்கலுக்குச் சாருக்குப் போன் போட்டபோது அவரே சொல்லிவிட்டார், படம் வந்தாயிற்று என்று. அதற்கு மேல் என்னால் தடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தார். சார் குரல் வருமே, பனியனோடு எப்படி என்று நினைத்திருப்பார். சூனியக்காரிகள் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அவர்கள் போகும்வரை துடைத்துக்கொண்டிருந்தார். சார் பேசும்போதெல்லாம் “ஆகா” என்றார். நான் பேசும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

சிம்மாசனக் காட்சி வந்தபோது நான் சமையலறைக்குப் போய்விட்டேன். குழம்பைக் கிளறினேன். குழாயைத் திறந்துவிட்டேன். எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் வந்தது. பிறகு டிவிச் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே வந்தால், படம் பாதியில் நிற்கிறது. ராணியின் முதுகு.

“இதுல ஒண்ணு புரியல” என்றார் அப்பா. “ராணியோட அப்பாதான் மொத சண்டையிலயே செத்துட்டாரே. அவரு எங்க வந்து நின்னாரு?”

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

“எழுதிக் கொடுத்ததா, நீயா சொன்னதா?”

“நானாத்தான் சொன்னேன்ப்பா.”

“சார் பக்கத்துல இருந்தாவளா?”

“இருந்தாங்க.”

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். ஒருவேளை, உள்ளுக்குள் எங்கோ, பெருமைகூட வரும் என்று நினைத்தேன். அதை நினைத்தாலும் இப்போது கூசுகிறது. அவர் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “சாருக்குப் போடு.”

காது சரியாகக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எனக்கு எல்லாம் கேட்டது.

“சார், நல்லா இருக்கியளா சார்? படம் பாத்தேன் சார்.” அப்பா போனை வாயருகே கொண்டுவந்தார். “பிள்ள அதிகப்பிரசங்கித்தனமா பேசிட்டா சார். எனக்கு இப்பத்தான் தெரியும். நான் அப்படி ஒரு நாளும் நெனச்சதில்ல சார். வீட்டுல பேசினதும் இல்ல. மன்னிச்சுக்கணும் சார்.”

“நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?” என்றார் சார். “அவ சொன்னதுல தப்பு என்ன இருக்கு? நான்தான்...”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ‘நீங்க’ அவரைக் கலவரப்படுத்திவிட்டது. சாருக்குக் கோபம் தீரவில்லை, தன்னை வேற்று ஆளாக்கிவிட்டார் என்றுதான் அவருக்குப் பட்டது. “ஐயோ சார், அப்படிச் சொல்லாதிய. என்னைய வெலக்கி வச்சிராதிய சார். சின்னப் பிள்ளையிலேருந்து நீங்க பாத்தவ. என் மொகத்துக்காகப் பொறுத்துக்கணும் சார்.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தார். அப்பா விடவில்லை.

கடைசியில் சாருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரில் வந்தது அந்தப் பழைய குரல், மோதி பாக் வராந்தாவின் குரல்.

“சரிய்யா, போதும். மன்னிச்சாச்சு. இதுக்குப் போய் அழுதுண்டு. போனை வை.”

“சரி சார். ரொம்ப நன்றி சார்.”

அப்பா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. “சார் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல” என்று என்னிடம் சொன்னார், ஆறுதலாக. பசிக்கிறது என்றார். நான் தட்டு எடுத்து வைத்தேன். மந்திரவாதி மறுபடி மந்திரவாதியாகப் பேசியது அப்பாவுக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. என் அப்பாவின் மனம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா இனி யாரிடமும் கெஞ்சி நிற்கக் கூடாது என்று கத்தியவள் நான். அவரை இன்னொரு தடவை கெஞ்ச வைத்ததும் நான்தான்.